ஏத்தமும் வேண்டாம், எறக்கமும் வேண்டாம்

மே 6, 2020, புதன்

எங்களுக்கு வரவேண்டிய டீசல் விலைக் குறைவைப் பாதி வழியில் மறித்துப் பிடுங்கிக்கொண்டார்கள். இதுதான் நடந்த அநியாயம். பத்திரிகையை மடித்து வைப்பதற்கு முன்பே எழுதிவிடுகிறேன். நாளைக்கு எவனாவது வந்து, உங்களுக்கு விவரம் பத்தாதுங்க என்று சொன்னால் எடுத்துக் காட்டலாம்.

போன மாதம் ஒரு நாள் அமெரிக்காவில் கச்சா எண்ணெய் விலை பூஜ்ஜியத்துக்குக் கீழே போனது. எண்ணெயை எடுத்துக்கொண்டு போகிறவனுக்கு எண்ணெய்க்காரனே கைக்காசு கொடுக்கவேண்டிய நிலை. ஊரடங்கில் உலகமே வண்டியை நிறுத்திவிட்டது, வாங்க ஆளில்லை, கொட்டி வைக்க இடமில்லை. அது ஒரு நாள் கூத்து, அந்தச் சந்தை வேறு, நமக்கு வரும் எண்ணெய் வேறு என்பதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் நமக்கு வரும் பீப்பாயும் ஜனவரியில் விற்ற விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு வந்துவிட்டது. பெட்ரோல் பங்க்கில் என்ன நடந்திருக்க வேண்டும்?

நடந்தது இது. திங்கட்கிழமை மாநில அரசு டீசலுக்கு இரண்டரை ரூபாய் ஏற்றியது. நேற்று இரவு மத்திய அரசு லிட்டருக்குப் பதின்மூன்று ரூபாய் வரி போட்டது. பங்க் விலை ஏறாதாம், கச்சா இறங்கியதில் சரிக்கட்டிக்கொள்வார்களாம். இறங்க வேண்டியது இறங்காது என்பதை இப்படியும் சொல்லலாம் போலிருக்கிறது.

நான் ஐந்தாவதோடு நின்றவன். ஒரு பீப்பாய்க்கு நூற்றைம்பத்தொன்பது லிட்டர் என்பதை லோடு இறங்கக் காத்துக் கிடந்த இடத்தில் பழைய பேப்பரில் படித்துத் தெரிந்துகொண்டேன். நாமக்கல்லில் லாரி வைத்திருக்கும் பட்டதாரிகள் பலருக்கு இது தெரியாது.

எங்களுக்கு இப்போது இருப்பது ஒரே லாரி. மகன் அர்த்தநாரி ஓட்டுகிறான். கர்நாடகத்தில் தாவணகெரேயிலிருந்து மக்காச்சோளம் ஏற்றி வந்து காளியண்ணனின் கோழித் தீவன ஆலையில் இறக்குவது வேலை. வருட வாடகையைச் சித்திரை அமாவாசை அன்று பேசுவோம். வண்டிக்குப் பூஜை போட்டு, சாவியை ஆலைக்காரர் கையில் வைப்பேன். அவர் வெற்றிலையோடு திருப்பிக் கொடுப்பார். சாவி திரும்பி வந்துவிட்டால் அடுத்த சித்திரை வரை அந்தப் பேச்சை யாரும் தொடுவதில்லை. கையெழுத்தும் கிடையாது.

இந்த வருடம் வாடகையைக் கொஞ்சம் குறைத்துத்தான் பேசினேன். டீசல் இறங்கும் என்று அந்த வாரம் படித்த எவனும் அப்படித்தான் பேசியிருப்பான்.

மே 9, சனி

பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றினேன். பின் டயர் இரண்டு வழுக்கையாகிவிட்டது. மருமகள் கோகிலவாணி, "டயரு மாத்தாம அவரை அனுப்பாதீங்க மாமா" என்றாள். அடுத்த லோடுக்குப் பார்க்கலாம் என்றேன்.

மே 17, ஞாயிறு

ஜோகூரிலிருந்து மாப்பிள்ளை குணசீலன் போன் செய்தார். மகளைக் கட்டியவர், மலேசியாவில் டிரெய்லர் ஓட்டுகிறார். நலம் விசாரித்து முடிப்பதற்குள் அங்கே டீசல் என்ன விலை என்று கேட்டேன்.

"அதை ஏனுங் மாமா கேக்கறீங்க. தண்ணி வெலைக்கு வந்துருச்சு. இங்க வாராவாரம் வெலை சொல்லுவாங்க. கச்சா எறங்குனா அடுத்த வாரமே பம்புல எறங்கிரும்."

"ஏறுனா?"

"ஏறுனா ஏறும். அதுல ஒளிவு மறைவு இல்லீங்."

பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஜோகூரிலிருந்து ஒரு பாலம் தாண்டினால் சிங்கப்பூர். அங்கே அதே பெட்ரோல் இரண்டு மடங்குக்கு மேல். மற்ற நாட்களில் சிங்கப்பூர்க்காரர்கள் காரை எடுத்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்து டேங்கை நிரப்பிக்கொண்டு போவார்களாம். இப்போது பாலம் பூட்டிக் கிடக்கிறது.

"எண்ணெய் ஒண்ணுதானுங் மாமா. எந்தக் கவர்மெண்டு அதும்மேல எவ்வளவு வெக்குதுங்கறதுதான் வெலை. ஒருத்தன் வரி போடுவான், ஒருத்தன் தன் கையைக் கடிச்சுக் கொறைச்சுக் குடுப்பான். கச்சா எறங்குனா எல்லா ஊர்லயும் எறங்கோணும்னு சட்டமா இருக்குது?"

"இருக்கோணும்" என்றேன்.

"அது சரி. இத்தனை தெரிஞ்ச நீங்க இந்த வருசம் வாடகையை எப்படிப் பேசுனீங்?"

சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஜூன் 7, ஞாயிறு

எண்பது நாளுக்கு மேல் எண்ணெய்க் கம்பெனிகள் தொடாமல் வைத்திருந்த விலையை இன்று ஏற்றினார்கள். அறுபது பைசா போல. கச்சா கொஞ்சம் ஏறியிருக்கிறதாம். இறங்கும்போது கண்ணை மூடிக்கொண்டிருந்தவர்களுக்கு ஏறும்போது மட்டும் விழிப்பு வந்துவிட்டது.

ஜூன் 8, திங்கள்

இன்றும்.

ஜூன் 12, வெள்ளி

தினமும். பல் விளக்குவது போல ஏற்றுகிறார்கள்.

அர்த்தநாரி லோடு இறக்கிவிட்டுக் காலையில் வந்தான். கண் சிவந்திருந்தது. குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தவன் இலையைப் பார்த்தபடியே பேசினான்.

"அப்பா, காளியண்ணங்கிட்டக் கேட்டுப் போடலாங்களா? டீசல் ரெண்டு ரூவாய்க்கு மேல ஏறிருச்சு. ஏறுனா வாடகையும் ஏறோணும், அதுதானுங்களே மொறை."

நான் மோர் கேட்டேன்.

"எத்தனை வருசமா இருக்கற மொறைங்க இது? ரெண்டு ரூவா ஏறுனா ஏறும், ரெண்டு ரூவா எறங்குனா எறங்கும். நாம ஒண்ணும் புதுசாக் கேக்கலியே."

"சாவி வாங்கியாச்சு" என்றேன். "பேசுனது பேசுனதுதான்."

"மொறையும் சேத்துத்தானுங்களே பேசியிருப்பீங்க?"

கோகிலவாணி மோரை வைத்துவிட்டு நகராமல் நின்றாள். எனக்குப் பெண்கள் நடுவில் வியாபாரம் பேசிப் பழக்கமில்லை. கை கழுவிக்கொண்டு பத்திரிகையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். தலையங்கத்தில் எண்ணெயைப் பற்றி ஒரு வரி இல்லை.

ஜூன் 15, திங்கள்

அவன் எனக்குச் சொல்லாமல் ஆலைக்குப் போயிருக்கிறான். மகன் அப்பனைத் தாண்டிப் போவது என் வீட்டில் இதுவே முதல் தடவை. குறித்து வைக்கிறேன்.

வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"மொறையே வேண்டாம்னு நீங்கதான் சொன்னீங்களாமா?"

"யாரு சொன்னா?"

"காளியண்ணன்தான் சொல்றாரு. 'அர்த்தநாரி, உங்கப்பாருதான் ஏத்தமும் வேண்டாம், எறக்கமும் வேண்டாம், வருசம் பூராத்துக்கும் ஒரே வாடகைன்னாரு. நல்லா ரோசனை பண்ணிச் சொல்லுங்கண்ணான்னு ரெண்டு தடவை கேட்டேன். சாவியைக் கையில வெச்சு அமுத்திப்போட்டாரு'ன்னு சொல்றாரு. நெசமுங்களா?"

இதை எழுதும்போது கணக்கைச் சரியாக எழுதவேண்டும். டீசல் பத்துப் பதினைந்து ரூபாய் இறங்கும் என்பது அப்போதைய நிலவரம். முறையை வைத்திருந்தால் ஒவ்வொரு இரண்டு ரூபாய்க்கும் ஆலைக்காரர் வாடகையைக் குறைத்துக்கொண்டே வந்திருப்பார். ஆகையால் வாடகையை முதலிலேயே கொஞ்சம் விட்டுக்கொடுத்து, முறையை எடுத்துவிட்டால், இறங்கும் டீசல் முழுவதும் நமக்கு. இதில் பிழை எங்கே? கச்சா இறங்கியது. நான் சொன்னபடியேதான் இறங்கியது. நடுவில் திருடியவன் நான் இல்லையே?

இதை அர்த்தநாரிக்கு விளக்கினேன். முழுவதும் கேட்டான். பிறகு, "அவரு மறுபடி மொறைக்கே வர்றேங்கறாருங்கப்பா. நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதுமாமா" என்றான்.

"சாவியைக் குடுத்து வாங்குனவன் போய்க் கையேந்தறதா? இந்த வயசுல பொங்கியண்ணன் வார்த்தை மாத்துனான்னு நாமக்கல் பூராப் பேசோணும், உனக்கு அதுதான் வேணுமா?"

"நாமக்கல்லு வந்து டீசல் போடுமுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான்.

ஜூன் 16, செவ்வாய்

இன்றும் ஏறியது.

கூடப் போய் மாறி மாறி ஓட்டும் மாற்று டிரைவரை, சம்பளம் மிச்சம் என்று நிறுத்திவிட்டோம். அர்த்தநாரியே தனியாக ஓட்டிக்கொள்வான். தாவணகெரே ஒன்றும் டெல்லி இல்லை.

புறப்படும் முன் அவனுக்கு ஒரு வழி சொல்லிக்கொடுத்தேன். தருமபுரி தாண்டித் தொப்பூர் கணவாயில் நீளமாக இறக்கம் வருகிறது. லோடோடு இறங்கும்போது கியரை நியூட்ரலில் போட்டுவிட்டால் வண்டி தன் பாரத்திலேயே உருண்டு வந்துவிடும், எஞ்சின் சும்மா இருக்கும். நாங்கள் அப்படித்தான் ஓட்டினோம்.

"இப்பத்த வண்டிக்கு அது ஆகாதுன்னு கம்பெனிக்காரன் சொல்றானுங்கப்பா. கியர்ல இருந்தாத்தான் எஞ்சின் புடிக்கும். இல்லீன்னா பாரம் பூரா பிரேக்குமேல வந்துரும்."

"கம்பெனிக்காரன் வந்து உனக்கு டீசல் ஊத்தறானா?"

சிரித்துவிட்டான். ரொம்ப நாள் கழித்துச் சிரித்தான். வண்டி கிளம்பும்போது கோகிலவாணி என்னிடம், "என்ன மாமா சொல்லிக் குடுத்தீங்க?" என்று கேட்டாள். தொழில் விசயம் என்றேன்.

ஜூன் 20, சனி

ஒரு லோடு முடித்து வந்தான். டேங்கில் மிச்சம் இருந்தது. குச்சி விட்டுப் பார்த்தோம். கம்பெனிக்காரன் சொன்னதற்கும் குச்சி சொல்வதற்கும் உள்ள வித்தியாசத்தை அவனே கண்ணால் பார்த்தான். எனக்குப் பேச வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று.

தொப்பூரில் இறங்கி முடித்ததும் சக்கரத்தில் கருகிய வாடை வந்ததாகச் சொன்னான். மழைக்கு முந்திய வெயில், அப்படித்தான் இருக்கும்.

வழுக்கை டயர் இரண்டும் இன்னும் மாற்றவில்லை. டீசல் விலை நின்றதும் மாற்றலாம்.

ஜூன் 24, புதன்

டெல்லியில் டீசல் பெட்ரோலைத் தாண்டிவிட்டது. லாரி ஓட்டுகிறவனைவிடக் கார் ஓட்டுகிறவன் மலிவாக ஊற்றுகிறான். இதைப் படித்துச் சிரிக்க வீட்டில் யாரும் இல்லை. அர்த்தநாரி லோடுக்குப் போயிருக்கிறான். கோகிலவாணி ஊறுகாய்க்கு எலுமிச்சை நறுக்குகிறாள்.

ஜூன் 26, வெள்ளி

காலை பத்து மணிக்குப் போன் வந்தது. தொப்பூர்.

ஜூன் 28, ஞாயிறு

உயிர் இருக்கிறது. சேலத்து ஆஸ்பத்திரியில் ஒரு ஆளைத்தான் உள்ளே விடுகிறார்கள், கோகிலவாணி இருக்கிறாள். மாவட்டம் தாண்ட பாஸ் வாங்கி நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் வெயிலில் நிற்கச் சொன்னார்கள். நின்றேன்.

வலது கால், முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பிரேக் மிதிக்கும் கால்.

வண்டி நடுச்சுவரில் மோதிக் கவிழ்ந்திருக்கிறது. வேறு யாருக்கும் ஒன்றுமில்லை, முன்னால் போன காருக்கு ஒரு கீறல். சோளம் ரோடு முழுக்கக் கொட்டி, சனங்கள் சாக்கு கொண்டு வந்து அள்ளிப் போனார்களாம். காவலர் சொன்னார். அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. ஊரடங்கில் அவர்களுக்கும் அடுப்பு எரிய வேண்டும்.

இருபத்தொரு நாள் தொடர்ந்து ஏற்றியவர்கள் இன்று ஏற்றவில்லை. இன்று!

ஜூலை 2, வியாழன்

இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தார். சட்டையை உள்ளே விட்ட பையன், பேச்சில் மரியாதை இருந்தது. இப்போது கட்டில் பக்கம் உட்கார விடுகிறார்கள், ஆகையால் பேசியது எல்லாவற்றையும் காதால் கேட்டேன்.

"வண்டியைப் பார்த்தோமுங்க. கியர் நியூட்ரல்ல இருக்குது. மோதினதுல விழுந்ததா, முன்னாடியே போட்டிருந்தீங்களா?"

அர்த்தநாரி என் பக்கம் திரும்பவில்லை. கூரையைப் பார்த்துச் சொன்னான்.

"நாந்தானுங்க போட்டேன். டீசல் மிச்சம் பண்ணலாம்னு."

"யாராவது சொன்னாங்களா? ஓனர் சொன்னாரா?"

"யாரும் சொல்லலீங். எனக்காத் தோணுச்சு."

"டயரும் ரெண்டு மோசமா இருக்குதுங்களே."

"அதும் நாந்தாங்க. மாத்தோணும்னு நெனைச்சேன், விட்டுப்போச்சு."

அந்தப் பையன் எழுதிக்கொண்டான். எழுதி முடிக்கும் வரை கோகிலவாணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிளாஸ்கில் வெந்நீர் தீர்ந்திருந்தது, பிடித்து வர எழுந்து போனேன்.

ஜூலை 8, புதன்

இன்சூரன்ஸ் கிடைப்பது கஷ்டம் என்று எழுத்தில் வந்துவிட்டது. வண்டியை எடைக்குத்தான் போடவேண்டும். சாவியைக் காவல் நிலையத்தில் கொடுத்தார்கள். வளைந்திருக்கிறது.

காளியண்ணன் வீட்டுக்கு வந்தார். முகக்கவசத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"பொங்கியண்ணா, ஏப்ரலுக்கப்பறம் ஓடுன லோடுக்கெல்லாம் பழைய மொறைப்படி எவ்வளவு வருதோ அதைக் கொண்டாந்திருக்கேன். மாட்டேன்னு சொல்லாதீங்க."

"மொறை இல்லைன்னு பேசித்தான் சாவி வாங்குனேன். எனக்குச் சேர வேண்டியது இல்லை."

"அட, என்னங்கண்ணா நீங்க. அன்னைக்கே நான் சாவியைத் திருப்பிக் குடுத்திருக்கக் கூடாது. எனக்கும் வாடகை கொறையுதேன்னு ஒரு ஆசை. அந்தப் பாவத்துல எனக்கும் பங்கிருக்குது."

"உங்களுக்குப் பாவம்னா கோயிலுக்குக் குடுங்க."

துணிமணி எடுத்துப்போக ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்த கோகிலவாணி உள்ளேயிருந்து வந்தாள். முந்தானையில் கை துடைத்தபடி என்னைத் தாண்டிப் போய் அவர் முன்னால் நின்றாள்.

"எங்கூட்டுக்காரரு ஓட்டுன லோடுங்க. அவருக்குச் சேர வேண்டியதுங்க. என்ற கையில குடுங்க."

கொடுத்தார். வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். எழுபத்திரண்டு வயதில் என் வாசலில், என் கண் முன்னால்.

அதற்கப்புறம் என்னிடம் பேச்சு இல்லை. சாப்பாடு மட்டும் நேரத்துக்கு வந்துவிட்டது.

ஜூலை 13, திங்கள்

அர்த்தநாரியை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் எப்படி ஆச்சு என்று கேட்கிறார்கள். "என்ற கிறுக்குத்தனமுங்க. டீசலுக்கு ஆசைப்பட்டு நியூட்ரல்ல விட்டேன்" என்கிறான். ஒவ்வொருவரிடமும் அதையே, சிரித்துக்கொண்டே சொல்கிறான். வந்தவர்கள் தலையில் அடித்துக்கொண்டு, "ஏண்டா மாப்பிள்ளே, உங்கொப்பனாட்ட வெவரமான ஆளு ஊட்டுல இருந்துமா?" என்று கேட்டுவிட்டு என்னைப் பார்க்கிறார்கள்.

நான் பத்திரிகை படித்துக்கொண்டிருக்கிறேன்.

குணசீலன் போன் செய்தார். மலேசியாவில் டீசல் என்ன விலை என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஜூலை 20, திங்கள், ஆடி அமாவாசை

அமாவாசைக்கு வண்டி முன்னால் பூசணிக்காய் உடைப்பது வழக்கம். வண்டி இல்லை. பூசணிக்காயைக் கோகிலவாணி கூட்டு வைத்துவிட்டாள். டீசல் இன்றும் அதே உயரத்தில் நிற்கிறது. இனி இறங்கும் என்று நான் நினைக்கவில்லை. இறங்கினாலும் எங்களுக்கு ஒன்றுமில்லை.

இருந்தாலும் செய்ய வேண்டியதை எழுதி வைக்கிறேன்.

மத்திய அரசு, மே மாதம் போட்ட பதின்மூன்று ரூபாயை எடுக்க வேண்டும். எடுக்க மனமில்லையென்றால், கச்சா விலையைச் சாட்டி ஏற்றினோம் என்று சொல்வதையாவது நிறுத்த வேண்டும்.

மாநில அரசு தன் இரண்டரையை எடுக்க வேண்டும். மேலே இருப்பவனைக் கை காட்டிவிட்டுத் தான் தப்பிக்கக் கூடாது.

எண்ணெய்க் கம்பெனிகள், கச்சா ஏறும்போது எத்தனை நாளில் ஏற்றுகிறார்களோ, இறங்கும்போது அத்தனை நாளில் இறக்க வேண்டும்.

பங்க்காரர்கள் ஒரு பலகை வைக்க வேண்டும். லிட்டரில் எண்ணெய்க்கு எவ்வளவு, வரிக்கு எவ்வளவு என்று ஐந்தாவது படித்தவனும் வாசிக்கும்படி பெரிய எழுத்தில்.

லாரிச் சங்கம், முறை இல்லாமல் யார் வாடகை பேசினாலும், எவ்வளவு விவரமான ஆளாக இருந்தாலும், அந்தச் சாவியைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று ஆலைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டும்.

தொப்பூர் இறக்கத்தில், கியரிலேயே இறங்கு என்று தமிழிலும் கன்னடத்திலும் எழுதி வைக்க வேண்டும். ரோடு போட்டவர்கள் செய்ய வேண்டியது.

காளியண்ணன் இந்த வீட்டுக்கு மறுபடி வர வேண்டாம்.

கோகிலவாணி, வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டாம். செயற்கைக் காலுக்கு அளவு எடுக்கச் சேலம் போகும்போது எடுத்துப் போகட்டும். என்னிடம் பேசாவிட்டாலும், உப்புப் போதுமா என்றாவது ஒரு நாள் கேட்க வேண்டும்.

அர்த்தநாரி, வருகிறவர்களிடம் தானாகப் போட்டேன் என்று சொல்வதை நிறுத்த வேண்டும். பக்கத்து அறையில் இருக்கிறேன், எனக்குக் காது நன்றாகக் கேட்கிறது. அடுத்து யாராவது வந்து, யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டால், அவன் இந்தப் பக்கம் கையைக் காட்ட வேண்டும்.